ரெட்டைச் சுழிக்காரரின் படம்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பல் டாக்டரம்மாவுக்குப் பொழுதுபோக்கு பென்சில் படம். போனில் யாராவது வரைவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் வரைகிறார். போன வாரம் தன் வீட்டுக்காரரை வரைந்து எடுத்துக்கொண்டு வந்து, "எங்க தப்புனு சொல்லுங்கம்மா" என்று என் மடியில் வைத்தார். பார்த்தேன். பற்கள் அத்தனையும் அருமை, வேர் தெரியாததுதான் குறை. ஆனால் அது அவருடைய வீட்டுக்காரர் இல்லை. அச்சு அசலாக அவருடைய மாமியார். எனக்கு வாய் சும்மா இருக்காது, அப்படியே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா படத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான் வரையும்போதே எரிச்சல் எரிச்சலா வந்துச்சு" என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். "ஒரு ஆளைப் பார்க்காமலேகூட நீங்க வரைஞ்சிருக்கீங்களாமே, ஜாடை எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார். அன்றைக்கு இட்லிக்கு மாவு ஆட்டுகிற அவசரத்தில் "வந்துச்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். நியாயமான பதில் கொஞ்சம் நீளம்.

என் பெயர் செண்பகம். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை பார்த்தது முழுக்க ராஜபாளையத்தில், ஒரே ஸ்டுடியோவில். மூட்டு வலி வந்து பஸ் படி ஏற முடியாமல் போனதும் நின்றுகொண்டேன். பள்ளிக்கூடம் முடித்ததும் டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தேன். அந்தப் பரீட்சைக்கு ஜாடியும் வாழைப்பழமும் வரையத் தெரிந்தால் போதும். மனித முகம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதில் வராது. ஜாடியோடு போய் ஸ்டுடியோ வாசலில் நின்றவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவர் எங்கள் முதலாளி. ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

முதலில் சின்னப் போட்டோக்களில் பரு, தழும்பு, கறை எல்லாவற்றையும் பென்சிலால் தொட்டு மறைக்கிற வேலை கொடுத்தார். அப்புறம் சின்னப் போட்டோவைப் பார்த்துப் பெரிய பென்சில் படம் போடுகிற வேலை. பெரும்பாலும் இறந்துபோனவர்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு படத்துக்கும் நிற்காமல் ஓடியவர்கள், போன பிறகு என் மேஜையில் வாரக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். இதைவிட நல்ல மாடல் யாருக்குக் கிடைக்கும்?

பாயின் பாடம் மிகவும் சின்னது. உலகத்தில் உள்ள தலைகள் மொத்தம் மூன்று வகை என்பார். முட்டை, பலாக்கொட்டை, செங்கல். எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் முதலில் அவரை இந்த மூன்றில் ஒன்றாக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வரும் பஸ்ஸில் எனக்கு இதுதான் தினமும் வேலை. கண்டக்டர் செங்கல், முன் சீட்டு அம்மாள் பலாக்கொட்டை, பின்னால் ஏறியது முட்டை, அதுவும் அவித்த முட்டை. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தலை வந்ததும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. பிறகு சரிபாதியில் குறுக்காக ஒரு கோடு, அதில்தான் கண். கண் தலையின் நடுவில் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எல்லோரும் கண்ணைக் கொண்டுபோய் நெற்றியில் வைத்துவிடுவார்கள், அப்புறம் உச்சந்தலைக்கு இடமே இருக்காது. காது எங்கே என்று தேட வேண்டாம், புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நேராக நடுவில் அது பேசாமல் உட்கார்ந்திருக்கும். மூக்கை மூக்காகப் பார்க்காதே, நாலு பக்கம் சீவிய மரத்துண்டு என்று நினைத்துக்கொள். எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்கு அப்புறம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வார். பாதி மூடினால் புருவம், மீசை, சுருக்கம் எல்லாம் கரைந்து, வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று, நல்ல இருட்டு ஒன்று என்று மூன்று திட்டுகள்தான் மிஞ்சும். மெலிசான பென்சிலால் முதல் திட்டு, சுருட்டிய காகிதத்தால் அதைத் தேய்த்து இரண்டாவது, கடைசியில் கறுத்த பென்சில். தலைமுடியை ஒவ்வொன்றாக வரைந்தால் பாய்க்குப் பிடிக்காது. "முடி எண்ணவாம்மா வந்த? இருட்டு எங்க கெடக்குனு பாரு" என்பார்.

கண்ணை எப்போதும் கடைசியில்தான் போட வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "கண்ணப் போட்டுட்டேனா அந்தாளு உன்னைப் பாக்க ஆரம்பிச்சிருவாரு. பொறவு உன்னால தைரியமா அழிக்க முடியாது" என்றார். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு முறை கண்ணை முன்னாலேயே போட்டுப் பார்த்தேன். சேத்தூர்ப் பெரியவர் ஒருவர், மூக்கை அழிக்க ரப்பரைக் கொண்டுபோன என்னை முறைத்த முறைப்பில் மூக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

பாய் என்னிடம் குறை சொன்னதே கிடையாது. படத்திடம்தான் சொல்வார். முடித்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, காது ஏன் உம்முனு இருக்கு? செண்பகம் உங்களச் சரியா விசாரிக்கலையோ?" என்று அந்த இறந்துபோன மனிதரிடம் துக்கம் விசாரிப்பார். பிறகு கட்டை விரலால் மூக்கை மறைத்துப் பார்ப்பார், வாயை மறைத்துப் பார்ப்பார். "நாடி மட்டும் தனியாப் போயிட்டு இருக்கு, நீங்க அதைக் கூப்பிடப்படாதா?" என்பார். நான் பக்கத்தில் நின்று கொதித்துக்கொண்டிருப்பேன். அவர் நேராகத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லியிருப்பேன். இறந்தவரை நடுவில் வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

வாடிக்கையாளர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கட்டுரை முடியாது. செத்த பிறகு எடுத்த போட்டோவைக் கொடுத்து, கண்ணைத் திறந்து கொடுங்கள் என்பார்கள். சட்டையே போடாத தாத்தாவுக்குக் கோட்டு கேட்பார்கள். ஒருவர் தன் அப்பாவுக்குக் கைக்கடிகாரம் வேண்டும் என்றார், போட்டேன். படம் வாங்கிப் போன மறுநாளே குடும்பத்தோடு வந்துவிட்டார். முள் நிற்கிற நேரம் வெள்ளிக்கிழமை ராகு காலமாம். அவர்கள் வீட்டில் வெள்ளிதான் விளக்கேற்றுவார்களாம். பாய் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, சட்டைக் கையக் கொஞ்சம் கீழ இறக்கி விட்டுக்கிடுதீங்களா?" என்று அந்த அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டார். நான் சட்டைக் கையை நீட்டிக் கடிகாரத்தை மூடிவிட்டேன். குடும்பம் திருப்தியாகப் போனது. கடிகாரம் உள்ளே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அது போதுமாம்.

இப்படி எல்லாவற்றையும் சமாளித்த என்னை ஒரு மார்கழி மாதம் மம்சாபுரத்துக் குடும்பம் ஒன்று ஆட்டிப் படைத்துவிட்டது.

சீனியம்மாள் என்று ஒரு அம்மாள். கூடவே மூத்த மகன் முனியாண்டி, இளைய மகன் கணேசன், இருவருக்கும் இடையில் பிறந்த தனம். முனியாண்டி விவசாயம், கணேசன் பலசரக்குக் கடை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு தென்னை மட்டை யார் பக்கத்து ஓட்டின் மேல் விழுந்தது என்பதில் ஆரம்பித்ததாம். ஸ்டுடியோ பெஞ்சில் ஒருவர் இந்த மூலை, மற்றவர் அந்த மூலை. தனம் மதில் சுவர் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

தனத்தின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். சீனியம்மாள் வர மாட்டேன் என்றுவிட்டார். புருஷன் கருப்பசாமி போனதிலிருந்து அவர் எந்தக் கல்யாணத்திலும் முன்னால் வந்து உட்கார்ந்தது கிடையாது. பந்திக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிடுவார். பேத்தி கல்யாணத்துக்கும் அப்படியே செய்கிறேன் என்றாராம். கல்யாணப் பெண்ணோ, அம்மாச்சி முன் வரிசையில் உட்காராமல் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தனம் அழுதிருக்கிறாள். கடைசியில் சீனியம்மாள் இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

"அவியளும் வரட்டும். அவிய வந்து உக்காந்தா நானும் உக்காருதேன்" என்றாராம்.

அவிய என்றது புருஷனை. இறந்தவர் வருவதென்றால் படமாகத்தான் வர வேண்டும், ஆனால் கருப்பசாமிக்குப் போட்டோ கிடையாது. வாக்காளர் அட்டை வருவதற்கு முன்பே, பிள்ளைகளுக்கு முகம் மனதில் நிற்காத வயதிலேயே போய்விட்டார். கூடப் பிறந்தவர்களிலும் இப்போது யாரும் உயிரோடு இல்லை. கல்யாணப் போட்டோ எடுக்கிற வழக்கம் அப்போது அந்தப் பக்கம் இல்லை. அதனால் பிள்ளைகளைப் பார்த்து வரைந்து கொடுங்கள் என்று வந்திருந்தார்கள். இது எங்களுக்குப் புதிதில்லை. மகனிடம் மூக்கு, மகளிடம் நெற்றி என்று வாங்கிச் சேர்த்தால் அப்பா வந்துவிடுவார். அவரைப் பார்த்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து "ஆமா", "இல்ல" என்று சொன்னால் போதும். அதுதான் பொண்டாட்டியே வந்திருக்கிறாரே என்று நானும் தைரியமாகப் பென்சிலைச் சீவினேன்.

"எங்க அய்யா மூக்கு எனக்குத்தான்க்கா" என்றார் முனியாண்டி. மீசையும் தன்னுடையதுதான் என்றார். அப்படியே வரைந்தேன். கணேசன் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இது எங்க அய்யா இல்ல. மூத்தவரு செத்தா மாட்டுத படம்."

அடுத்த வாரம் கணேசனின் மூக்கையும் தாடையையும் வைத்து ஒன்று வரைந்தேன். முனியாண்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "தராசு முள்ளப் பாக்குத பார்வை அப்பிடியே இருக்கு. அய்யா கடையா வச்சிருந்தாரு?" என்றார். அதற்கு அடுத்த வாரம் பஞ்சாயத்துப் பேசுவது போலப் பாதி மூத்தவர், பாதி இளையவர் என்று ஒரு முகம் போட்டேன். அதைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "சீ" என்றார்கள். அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று தனம் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது சீனியம்மாள்தான். ஒவ்வொரு படத்தையும் இரண்டு கையாலும் வாங்கி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் பார்ப்பார். முதல் படத்துக்கு, "லட்சணமாத்தான் இருக்காரு. யாரு இவரு?" என்றார். இரண்டாவதுக்கு, "பாவம், நல்ல மனுசன் மாதிரி தெரியுது" என்றார். மூன்றாவதை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "இவரு வீட்டுல தேடப் போறாக தாயி, அனுப்பி வச்சிரு" என்றார். மூக்கு சரியில்லையா, கண் சரியில்லையா என்று கேட்டால் மறுபடி படத்தையே பார்ப்பார். முட்டையா, பலாக்கொட்டையா, செங்கலா என்று மூன்றையும் வரைந்து காட்டினேன். மூன்றையும் பார்த்துவிட்டுப் பலாக்கொட்டை அவருக்குப் பிடிக்கும் என்றார், குழம்பில் போட்டால்.

பாய் அந்த மூன்று படங்களையும் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, "உங்கள்ல யாருய்யா கருப்பசாமி? ஒருத்தராவது கைய தூக்கக் கூடாதா? பிள்ளைக்குக் கல்யாணம் நெருங்குதுல்ல" என்றார். சிரிப்பு வரவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. தை பிறந்துவிட்டது. நான் வரையாவிட்டால் ஒரு பெண் மணையில் உட்கார மாட்டாள். ஒரு அம்மாள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

நாலாவது தடவை வந்தபோது மகன்கள் இருவரையும் டீ குடிக்க அனுப்பினேன். ஒருவர் எதிர்க் கடைக்கும் ஒருவர் அடுத்த தெருக் கடைக்கும் போனார்கள். தனம் வாசலில் நின்றாள். சீனியம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்து நேராகவே கேட்டேன்.

"பெரியம்மா, மத்தவங்க சொல்லுதத விடுங்க. நீங்க கண்ண மூடிக்கிட்டு அவரை நினைங்க. என்ன தெரியுது?"

கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. வயசுப் பெண் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாருட்டயும் சொல்லிராத தாயி. நான் எங்க அவிய மூஞ்சியப் பாத்தேன்?"

எனக்குப் புரியவில்லை.

"மாமியா, மாமனாரு, கொழுந்தன்மாருனு வீடு நிறைய ஆளு. நிமுந்து பாத்தா, பாரு எப்பிடிப் பாக்கானு பேசுவாக. சோறு போடும்போது தட்டப் பாப்பேன், கையப் பாப்பேன். பொறவு நாங்க தனியா இருக்கைல வெளக்க அமத்திருவாக."

"அப்போ பார்த்ததே இல்லையா?"

"பாக்காமலா மூணு புள்ள பெத்தேன்? பாத்தேன். நின்னு பாக்கல. பிள்ளைகளுக்கு எப்பிடி இதைச் சொல்லுவேன்? நீ கொண்டாந்து காட்டுத ஒவ்வொருத்தரையும், இவரா இருக்குமோ, இவரா இருக்குமோனு பாக்கேன். எனக்கு ஆரையும் தெரியலையே."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அழுதார். மூன்று வாரமாக நான் இந்த அம்மாளுக்கு முன் பின் தெரியாத ஆண்களைக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி, என்னதான் பாத்தீங்க?" என்றேன்.

"பின்னாடி" என்றார்.

புரட்டாசிச் சனிக்கிழமை மம்சாபுரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தே போவார்களாம். கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் மலைமேல் பெருமாள் இருக்கிறாரே, அது. அவர் முன்னால் நடப்பார், இவர் பின்னால். சந்தைக்குப் போனாலும் அப்படி, வயலுக்குப் போனாலும் அப்படி. பின்பக்கத்தைப் பார்த்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் ஆசை தீரப் பார்த்திருக்கிறார்.

"ரெட்டைச் சுழி தாயி அவியளுக்கு. ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டினு சொல்லுவாகல்ல? நான் அந்தச் சுழியவே பாத்துக்கிட்டு நடப்பேன். இன்னொருத்தி எங்க இருந்து வாரானு பாத்துருவோம்னு. கடைசி வரை எவளும் வரல."

பேச்சு வந்துவிட்டது, இனிமேல் நிற்காது என்று எனக்குத் தெரிந்தது. காது மடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வெயிலில் சிவப்பாகத் தெரியும். கடுக்கன் போட்ட துளை தூர்ந்துபோய் ஒரு புள்ளி இருக்கும். பிடரியில் ஒரு பள்ளம், அதில் வியர்வை தேங்கும். மம்பட்டி தூக்கித் தூக்கி இடது தோள் தாழ்ந்திருக்கும், அந்தத் தோளில் துண்டு நிற்காமல் வழுக்கும். மலைப் படி ஏறும்போது பாதியில் நின்று, தலையை மட்டும் கொஞ்சம் திருப்புவாராம். முழுசாகத் திரும்ப மாட்டார், வெட்கம். காதுக்குப் பின்னால் ஒரு துண்டு கன்னம் மட்டும் தெரியும். இவர் வருகிறாரா என்று பார்க்கிறாராம்.

"நான் சொல்லுவேன், நீங்க நடங்க, நான் வாரேன்னு. அதுக்குப் பொறவுதான் அடுத்த படி ஏறுவாக."

டீ குடித்துவிட்டு வந்த இரண்டு மகன்களையும் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன், சட்டையைக் கழற்றச் சொல்லி. பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன்கள் மாதிரி இருவரும் பக்கத்துப் பக்கத்தில். என்ன ஏது என்று கேட்டார்கள். "அய்யா மூக்கு இனி வேண்டாம், திரும்பாதீங்க" என்றேன். சீனியம்மாள் பின்னால் நின்று சந்தையில் கத்திரிக்காய் பார்ப்பது போலப் புரட்டிப் பார்த்தார்.

"காது மூத்தவன்கிட்ட இருக்கு. இந்தா, நீட்டிக்கிட்டு நிக்குது பாரு. பிடரி சின்னவனுக்கு. ஏலே, அசையாத. தோளு ரெண்டு பேருட்டயும் இல்ல. மம்பட்டி தூக்குனாத்தான வரும்? மூத்தவனும் ஆள் விட்டுத்தான வேலை பாக்கான்."

மூன்று வாரமாக மூக்குக்கு மல்லுக்கட்டியவர்கள் வாயே திறக்கவில்லை. திறந்து என்ன வாதாடுவது? தன் பிடரியை யார் பார்த்திருக்கிறார்கள்?

"சுழி?" என்றேன்.

சீனியம்மாள் வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். "ஏட்டி தனம், இங்க வா. கொண்டைய அவுரு."

தனத்தின் கோணல் வகிட்டை விலக்கிவிட்டு, உச்சிக்குக் கீழே முடியைப் பிரித்துக் காட்டினார். அங்கே இருந்தன இரண்டு சுழிகள், இரண்டு சின்னத் தண்ணீர்ச் சுழல் போல.

"தல சீவி விட்ட நாளையில இருந்து தெரியும். வெளிய சொன்னா பொட்டப்புள்ளைய எவன் கட்டுவான்?"

"அதுக்குத்தான் எனக்கு மட்டும் எப்பவும் கோண வகிடா?" என்றாள் தனம். "எல்லாரும் என்னைய அம்மா சாடை, அய்யாட்ட இருந்து ஒண்ணும் வரலனுதான சொன்னீக" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தலையில் கை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். முட்டையைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்தேன். கண்ணுக்கு என்று போடுகிற குறுக்குக் கோட்டை அப்படியே பின்னால் கொண்டுவந்தேன், அதில் காது தொங்கியது. கழுத்துக்கு ஒரு உருளை, தோளுக்கு இடது பக்கம் தாழ்ந்த ஒரு சரிவு. வெளிச்சத்தை மேலே வலது பக்கம் வைத்தேன், காலையில் மலை ஏறுகிறவருக்கு அங்கேதான் வெயில். பிடரிப் பள்ளத்துக்கு நல்ல இருட்டு. காது மடலில் மட்டும் காகிதத்தை வெள்ளையாக விட்டேன், ஓரத்தில் மெல்லிய நிழல், கீழே தூர்ந்த துளைக்கு ஒரு புள்ளி. சுழி இரண்டையும் முடியாகப் போடவில்லை, நிழல் திரும்புகிற இடமாகப் போட்டேன். கடைசியாகத் தலையைக் கொஞ்சம் திருப்பினேன். காதுக்குப் பின்னால் ஒரு துண்டு கன்னம் வந்ததும் பென்சிலை வைத்துவிட்டேன்.

பாய் வழக்கம் போலத் தலைகீழாகப் பிடித்தார். கட்டை விரலை எடுத்துக்கொண்டு போய், மறைக்க மூக்கும் இல்லாமல் வாயும் இல்லாமல் அந்தரத்தில் நிறுத்தினார். "ஏங்க, கண்ணே போடாம இவ தப்பிச்சிட்டாளே, நீங்களும் பேசாம நிக்கீகளே" என்று அந்தப் பிடரியிடம் சொன்னார். அதற்கு மேல் குறை எதுவும் கேட்காமல் படத்தைப் பிரேம் போட எடுத்துப் போனார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

படத்தை வாங்க வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். முனியாண்டி பிரேமின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், முகம் அந்தப் பக்கம் இருக்குமோ என்று. அங்கே அட்டைதான் இருந்தது.

"அக்கா, இதுக்கு எங்கன பொட்டு வைக்க? மாலைய எப்பிடிப் போட?"

சீனியம்மாள் படத்தை வாங்கினார். இந்தத் தடவை தலைப்பால் வாயைப் பொத்தவில்லை. "கல்யாணத்துக்கு வாரவுகளுக்கு எதுக்குலே மாலை? மாப்பிள்ளைக்குப் போடு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவியதான்" என்றார்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில். பாயும் நானும் போயிருந்தோம். முன் வரிசையில் ஒரு நாற்காலியில் படத்தை வைத்திருந்தார்கள், மேடைக்கு முதுகு காட்டி, ஜனங்களைப் பார்க்கிற மாதிரி, எல்லா வீட்டிலும் வைப்பது போல. சீனியம்மாள் பின்வாசல் வழியாக இல்லாமல் முன்வாசல் வழியாக வந்தார். நேராக நாற்காலியிடம் போய்ப் பிரேமைத் தூக்கித் திருப்பினார். மேடையைப் பார்க்கும்படி வைத்தால் தெரிவது அட்டைதான் என்று நான் சொல்ல ஓடினேன். அதற்குள் கணேசனுக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, முதலே சரியாத்தான் இருந்துச்சு. இப்பிடி வச்சாத்தான் அய்யா மேடையப் பாக்குத மாதிரி இருக்கும்" என்று சொல்லி மறுபடி திருப்பி வைத்தார்.

உண்மைதான். ஜனங்கள் பக்கம் படத்தைக் காட்டி வைத்ததும், கருப்பசாமி எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து பேத்தி கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ எடுக்கிறவர் மட்டும், "அந்தப் படத்த முன்பக்கம் திருப்புங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். "இதுக்கு முன்பக்கம் கெடையாதுப்பா" என்றார் பாய்.

மின்விசிறிக் காற்றில் பிரேம் ஆடியது. முனியாண்டி ஒரு பக்கம் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். மறுபக்கம் கணேசன் பிடித்துக்கொண்டார். பேச்சு இன்னும் கிடையாது. ஆனால் கெட்டிமேளம் வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்க முடியவில்லை, விட்டால் அப்பா விழுந்துவிடுவார். பின்னால் இருந்து பார்த்த எனக்கு, இந்தப் பக்கம் அந்தக் காது, அந்தப் பக்கம் அந்தப் பிடரி, நடுவில் என் பென்சில். மேடையில் மகளுக்குப் பக்கத்தில் தனம் நின்றாள், நேர் வகிடு எடுத்துச் சீவியிருந்தாள்.

சீனியம்மாள் முன் வரிசையில் உட்காரவில்லை. அதற்கு அடுத்த வரிசையில், படத்துக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தார். மணையில் இருந்த பேத்தி கழுத்தை நீட்டித் தேடி, அம்மாச்சியைப் பார்த்ததும் சிரித்தாள். அம்மாச்சியும் தலையை ஆட்டினார், ஆரம்பி என்று.

மேளம் கொட்டி, தாலி கட்டி, எல்லோரும் அட்சதை போட்டார்கள். சீனியம்மாள் கையில் இருந்ததை மேடைப் பக்கம் தூவிவிட்டு, முன்னால் குனிந்து, அந்தத் துண்டு கன்னத்துக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார். நான் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்ததால் காதில் விழுந்தது.

"நீங்க நடங்க. நான் செத்த நேரம் கழிச்சு வாரேன். இவ புள்ளையப் பாத்துட்டு."